வெள்ளிக்கிழமை ஐஸ்

தும்பி பிடிக்கிறது வேறு, தும்பியைப் படம் பிடிக்கிறது வேறு. இதை எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. முக்கியமாகப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு. ஆடு வளர்த்துப் பால் விற்றுச் சீவித்த மனுசி. காலையில் ஆட்டுக்குக் குழை வெட்ட வேலிப் பக்கம் வருவார். கிணற்றடியில் என் கணவர் முழங்காலில் நிற்க, நான் பக்கத்தில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிற கோலத்தைக் கண்டதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

“என்ன ரீச்சர், இண்டைக்கும் தும்பி பிடிக்கிறியளோ?”

“பிடிக்கேல்லை அக்கா. படம் பிடிக்கிறம்.”

“ரெண்டும் பிடிக்கிறது தானே!”

இரண்டும் ஒன்றில்லை என்று நான் உறுதியாக நம்பினேன். என் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நம்பிய விடயம் வேறு கிடையாது. அதனால்தான் இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. வயது போய்விட்டது, ஆத்திரம் போகவில்லை.

நான் திரியாய் என்ற ஊர்க்காரி. எழுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலை நகரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். அவருக்குத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. கப்பலில் ஏற்றுகிற தேயிலைப் பெட்டிகளைக் கணக்குப் பார்ப்பது. பேசிச் செய்த கல்யாணம். ஆள் கெட்டவரில்லை. குடி இல்லை, சீட்டு இல்லை, கை நீட்டுகிற பழக்கம் இல்லை. கதையும் இல்லை. அதுதான் என் குறை. வேலையால் வருவார், குளிப்பார், கதிரையில் இருந்து பேப்பர் பார்ப்பார், “சாப்பிடுவமே” என்பார், அதோடு அன்றைய கதை முடிந்துவிடும். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிற எனக்கு, வீட்டுக்குள் கால் வைத்ததும் காது அடைத்தது மாதிரி இருக்கும்.

ஒரு நாள் அவர் கப்பல்காரன் ஒருவனிடமிருந்து பழைய கமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். முதல் ஆசை துறைமுகத்தைப் படம் பிடிப்பது. உலகத்திலேயே அழகான துறைமுகம் என்று எல்லாரும் சொல்கிற இடத்தில் வேலை செய்துகொண்டு வேறு எதைப் பிடிப்பார்? ஆனால் அங்கே கமராவைத் தூக்கினால் கடற்படைக்காரர் வந்து கேள்வி கேட்பார்கள். ஒரு தடவை கேட்டார்கள். மனுசன் வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்து, கமராவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு கொஞ்ச நாளில் அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். கிணற்றடியை ஒருவரும் தடைசெய்திருக்கவில்லை.

லென்சைக் கழற்றித் தலைகீழாகப் பூட்டினால் சின்னது பெரிதாகத் தெரியும் என்று கப்பல்காரன் சொல்லிக் கொடுத்திருந்தான். அப்படிப் பூட்டுவதற்கு ஒரு வளையம் வேண்டும். துறைமுகத்து வேலைத்தளத்தில் யாரையோ பிடித்துக் கடைவித்துக்கொண்டு வந்தார். முதன்முதலில் பிடித்தது எங்கள் தேசிக்காய் மரத்தில் இருந்த மயிர்க்கொட்டி ஒன்றை. மயிர்க்கொட்டி என்று சொல்லக்கூடாது, மயிரே இல்லை. வண்ணத்துப்பூச்சியாகப் போகிற புழு, சின்னனாக இருக்கும்போது கருப்பும் வெள்ளையுமாக இலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். படம் கழுவி வந்ததும் பெருமையோடு தன் தாயாருக்குக் காட்டினார். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தா.

“இதென்னடா, காகப் பீயையோ படம் பிடிச்சு வைச்சிருக்கிறாய்?”

நான் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். பின்னாலேயே அவரும் வந்து நின்று சிரித்தார். அப்படி அவர் சத்தம் போட்டுச் சிரித்ததை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதோடு தொடங்கியது. காலையில் கச்சான் காற்று எழும்புமுன் இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போய்விடுவோம். கச்சான் என்றால் இங்கே சும்மா காற்றில்லை. வைகாசி, ஆனி, ஆடி எல்லாம் புழுதியும் வெக்கையுமாக ஊரையே வறுத்தெடுக்கும். குளம் குட்டை வற்றிவிட, எங்கள் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் கிடக்கிற தண்ணீரைத் தேடித் தும்பிகள் வரும். மஞ்சள், நீலம், ஊசி மாதிரி மெல்லியது, செட்டையில் புள்ளி வைத்தது. லென்ஸ் தலைகீழாக இருப்பதால் நாலு விரல் தூரத்துக்குக் கிட்டப் போனால்தான் படம் தெளியும். நாலு விரல் தூரத்தில் ஒரு தும்பி உங்களைப் பொறுத்துக்கொண்டு இருக்கவேண்டுமென்றால் நீங்கள் அதற்குப் பழக்கப்பட்ட ஆளாக இருக்கவேண்டும்.

அந்தப் பழக்குகிற வேலை என்னுடையது. எனக்குப் பொறுமை இருந்தது. எங்கே குந்தினால் நிழல் அதன்மேல் விழாது, எந்தப் பக்கத்தால் கை போனால் அது பயப்படாது என்று நான் முதலில் போயிருந்து பார்ப்பேன். பிறகு அவர் வந்து முழங்காலில் நிற்பார். தேயிலைப் பெட்டிக்குள் போடுகிற வெள்ளி நிறத் தாளில் கிழிந்த துண்டு ஒன்றை அவர் வேலையிடத்திலிருந்து கொண்டு வந்திருந்தார். அதை நான் சாய்த்துப் பிடித்தால் வெயில் திரும்பித் தும்பியின் வயிற்றுப் பக்கம் விழும். “கொஞ்சம் கீழ… கொஞ்சம் மேல… ஆ, அப்பிடியே நில்லும்” என்பார். கை உளையும். விடமாட்டேன்.

ஒரு சட்டம் மட்டும் நான் போட்டேன். கை படக்கூடாது. சின்னனில் திரியாயில் நாங்கள் எல்லாரும் தும்பி பிடித்திருக்கிறோம். வாலில் நூல் கட்டுவது, கல்லைத் தூக்க வைப்பது, செட்டையைப் பிய்ப்பது. தும்பி பிடிக்கிறது என்றால் எனக்கு அதுதான். எனவே நாங்கள் செய்வது அதுவாக இருக்கக்கூடாது என்றேன். அது தானாக வந்து, தானாக இருந்து, தானாகப் போகவேண்டும். அவரும் சரி என்றார். சும்மா சரி என்று சொல்லவில்லை. வீட்டுக்கு யாராவது வந்து படங்களைப் பார்த்தால், “எல்லாம் கை படாமப் பிடிச்சது” என்று அவரே முந்திக்கொண்டு சொல்வார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அதைவிடப் பெருமையான விடயம், எங்களுக்குள் கதை வந்தது. இன்றைக்கு எது வந்தது, ஏன் பறந்தது, நாளைக்கு எங்கே இருப்போம் என்று தொடங்கி, அவருடைய வேலையிடத்துப் புதினம், என் பள்ளிக்கூடத்துப் புதினம் என்று நீளும். ஒருமுறை தம்பலகாமத்துக்கு பஸ்சில் போய்க் குளக்கட்டில் தும்பி பார்த்தோம். யானை நிற்கிறது என்று யாரோ சத்தம் போட, கமராவை அணைத்துக்கொண்டு நாங்கள் ஓடிய ஓட்டத்தை அவர் திரும்பி வருகிற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கல்யாணம் செய்து இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கு ஒரு புருசன் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், சொல்ல வெட்கம் என்ன?

அந்த வருடம் கச்சானோடு ஒரு சிவப்புத் தும்பி வந்தது. உடம்பு முழுக்க மிளகாய்ப்பழச் சிவப்பு. தொட்டிக்குப் பக்கத்தில் பயற்றங்கொடி படர நான் ஒரு தடி நட்டிருந்தேன். அந்தத் தடியின் நுனிதான் அதன் இடம். பறந்து ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பவும் அதே நுனிக்கு வரும். வலது பக்கத்துப் பின் செட்டையில் ஒரு சின்ன வெட்டு இருந்தபடியால் அதே ஆள்தான் என்று எனக்குத் தெரியும். வெயில் ஏற ஏற வாலை மேலே தூக்கிக்கொண்டு தலைகீழாக நிற்கப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆறு கால் இருந்தும் நாலு காலால்தான் தடியைப் பிடிக்கும். முன்னங்கால் இரண்டையும் மடித்துத் தலைக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொள்ளும். பூச்சி வந்தால் பாய்ந்து பிடிப்பதற்கு வைத்திருக்கிறதோ என்னவோ. இதை நான் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமில்லை.

“இஞ்சேருங்கோ, வடிவாப் பாருங்கோ. நாலு காலில தான் இருக்குது. முன் ரெண்டையும் மடிச்சு வைச்சிருக்கு.”

“ம்” என்றார். லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாளும் சொன்னேன். அதற்கும் “ம்” என்றார். கண் கமராவுக்குள் இருந்தது. நான் அதைக் குற்றமாக எடுக்கவில்லை. பார்க்கிற வேலை என்னுடையது, பிடிக்கிற வேலை அவருடையது என்று நாங்கள் பிரித்துக்கொண்டதுதானே என்று இருந்துவிட்டேன்.

சாமான் தட்டுப்பாட்டுக் காலம் அது. பாணுக்கு வரிசையில் நிற்கிற நாட்டில் பில்ம் றோலுக்கு எங்கே போவது? கறுப்பு வெள்ளைப் பில்ம் இருந்தால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் குசினியை இருட்டாக்கி அவரே கழுவுவார். நிறப் படம் பிடிக்கிற பில்ம் ஒன்றை அந்தக் கப்பல்காரன் கொண்டு வந்து கொடுத்திருந்தான். பிடித்து முடித்ததும் அவனிடமே கொடுத்துவிட்டால், வெளிநாட்டில் கழுவி, அடுத்த தடவை வரும்போது சுவரில் ஒளி பாய்ச்சிப் பெரிதாகக் காட்டுகிற சின்னச் சின்ன ஸ்லைட்டுகளாகக் கொண்டு வருவான். சிவப்புத் தும்பி வந்த நேரம் அதில் மிச்சம் நாலே நாலு படம். அந்தக் கப்பல் சனிக்கிழமை வெளிக்கிடுகிறது.

அந்தக் கிழமை முழுக்கக் காற்று விடவில்லை. விடியும்போதே தடி ஆடத் தொடங்கிவிடும். நாலு விரல் தூரத்தில் நூல் அளவு ஆட்டமும் படத்தைக் கெடுத்துவிடும். தும்பி நுனியைப் பிடித்துக்கொண்டு ஆடும், நான் தாளைப் பிடித்துக்கொண்டு இருப்பேன், அவர் கமராவைத் தூக்குவார், இறக்குவார். வியாழக்கிழமை முழங்காலிலிருந்து எழும்பும்போது அவர் முகம் கறுத்துப் போயிருந்தது.

“ஒரு நல்ல படம். ஒண்டே ஒண்டு போதும்” என்றார்.

“வரும். பொறுங்கோ” என்றேன்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடம் போனேன். அவர் லீவு போட்டிருந்தார். பின்னேரப் பக்கமாக, வெயில் மண்டையைப் பிளக்க, குடைக்குள்ளும் புழுதி அடிக்க வீட்டுக்கு வந்தால், மனுசன் வாசல் படலையடியில் நிற்கிறார். கையில் ஒரு கிளாஸ். கிளாசுக்குள் தேசிக்காய்த் தண்ணி. தண்ணிக்குள் ஐஸ்.

“வெயிலில வாறீர். குடியும்” என்றார்.

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் இல்லை. ஐஸ் எங்கள் வீட்டுக்குள் வருவது மீனோடு மட்டும்தான். மீன் மலிந்த நாளில் கூடுதலாக வாங்கி, அடுத்த நாள்வரை பழுதாகாமல் வைக்கச் சாக்கில் மரத்தூள் போட்டு ஐஸ் கட்டியும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, மரக்கறி மட்டும்தான். மீன் சட்டியைக்கூடத் தொடமாட்டேன். ஆகவே அந்த ஐஸ் மீனுக்காக வந்த ஐஸ் இல்லை. எனக்காக, என் வெக்கைக்காக, இந்த மனுசன் மீன் வாடிக்குச் சைக்கிள் மிதித்துப் போய் ஐஸ் வாங்கி, தன் கையால் தேசிக்காய் பிழிந்து, கூப்பன் சீனியைப் பார்க்காமல் அள்ளிப் போட்டு வைத்திருக்கிறார். கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது. அந்தப் படலையடியிலேயே நின்று குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. புழுதி என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார், “படம் வந்திட்டுது.”

“உண்மையாவோ? எப்ப?”

“நீர் போன பிறகு. காத்துக் கொஞ்சம் விட்டுது. வந்து இருந்துது. அசையவேயில்லை.”

நான் பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று ஒரு கவலை. ஆனால் என் தும்பி கடைசியில் அவரையும் நம்பி இருந்திருக்கிறதே என்று அதைவிடக் கூடச் சந்தோசம். இன்னும் கொஞ்சம் தேசிக்காய்த் தண்ணி வாங்கிக் குடித்தேன்.

கிணற்றடிக்குப் போனபோது தடியின் நுனி இல்லை. ஒரு முழம் அளவுக்கு முறிந்து போயிருந்தது.

“ஆடு கடிச்சுப் போட்டுது போல” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் நேரே வேலிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். ஆட்டைக் கட்டி வளர்க்கத் தெரியாதோ என்று தொடங்கி, சொல்லக்கூடாத ஒன்றிரண்டு வார்த்தையும் சொல்லிவிட்டேன். அக்கா, “என்ர ஆடு கட்டில தான் நிண்டது ரீச்சர்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் நம்பவில்லை. அன்றோடு அக்காவின் பேச்சு நின்றது. குழை வெட்ட வருவார், தலையைக் குனிந்துகொண்டு வெட்டுவார், போவார். தும்பி பிடிக்கிறியளோ என்று கேட்பதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

புதுத் தடி ஒன்று நட்டேன். தும்பி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான் நாள்தோறும் விடியப் போய்த் தொட்டியடியில் குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் அவர் வந்து பக்கத்தில் இருந்தார். முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“அதுகளின்ர ஆயுள் அவ்வளவுதான். கவலைப்படாதேயும்” என்றார்.

எவ்வளவு அன்பான மனுசன் என்று நினைத்தேன்.

கச்சான் போய், வாடை தொடங்கி, மழைக்குள் அந்தக் கப்பல் திரும்பி வந்தது. ஸ்லைட்டுகள் சின்னப் பெட்டி ஒன்றில் வந்தன. ஒவ்வொன்றும் தபால் முத்திரையைவிடக் கொஞ்சம் பெரிது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சிவப்பாக ஒன்று தடி நுனியில் இருந்தது. என் கண்ணுக்கு அதற்கு மேல் தெரியவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

நகரத்தில் கமரா வைத்திருந்த சிலர் சேர்ந்து, இடைக்கிடை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படம் காட்டுவார்கள். யாரோ ஒரு புரொஜெக்டர் கொண்டு வருவார், சுவரில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். அந்த மாதம் அவருடைய படங்கள். நான் நல்ல சீலை ஒன்று உடுத்திக்கொண்டு முன் வரிசையில் இருந்தேன். கும்பிடுபூச்சி வந்தது, சிலந்தி வந்தது, எல்லாரும் பேசாமல் பார்த்தார்கள். பிறகு அந்தத் துணி முழுக்கச் சிவப்பாக நிறைந்தது.

மண்டபமே “ஆ” என்றது. என் தும்பி ஆள் உயரத்தில் நின்றது. முதலில் நான் தேடியது செட்டை வெட்டைத்தான். இருந்தது. அதே ஆள். 

கிண்ணியாவிலிருந்து வந்து நகரத்தில் புடைவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் பின்னாலிருந்து எழும்பினார். தும்பி என்றால் ஒரு நிமிடம் இருக்காத சாதியாயிற்றே என்று அவருக்கு ஆச்சரியம்.

“இத எப்பிடிப் பிடிச்ச நீங்க? உசிரோடயா, செத்ததா?”

“உயிரோட தான் நானா. கை படாமப் பிடிச்சது. நானும் மனுசியும் எவ்வளவு நாள் காத்திருந்தம் தெரியுமோ?” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “அவவையே கேட்டுப் பாருங்கோ.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“ஓம்” என்றேன். “கை படேல்லை.” பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி உரத்துச் சொன்னேன்.

கை தட்டினார்கள். தட்டி முடியும்வரை படம் அப்படியே நின்றது. நானும் தட்டிக்கொண்டு அதைப் பார்த்தேன். அப்போதுதான் கால்களைக் கண்டேன். ஆறு காலும் தடியில் இருந்தன. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. முன்னங்கால் இரண்டும் நேராக நீட்டி, வகுப்பில் கை கட்டி இருக்கச் சொன்ன பிள்ளை மாதிரி ஒழுங்காக.

நான் தட்டுவதை நிறுத்தினேன். அந்தத் தும்பி ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. அதைப் பாராத ஒருவர்தான் அதை அப்படி இருத்தியிருக்கவேண்டும். தும்பிக்கு ஆறு கால், ஆகவே ஆறு காலும் தடியில் என்று. அடுத்த படம் வந்தது, அதற்கடுத்தது வந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு பேருக்கு முன்னால் என் வாயால் பொய் சொல்ல வைத்துவிட்டாரே என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடந்து வந்தோம். மழை விட்டிருந்தது. துறைமுகப் பக்கத்து வெளிச்சங்கள் தண்ணீரில் தெரிந்தன. அவர் நல்ல சந்தோசத்தில் வந்தார்.

“அதைப் பிடிச்சனீங்களோ?” என்று கேட்டேன்.

“எதை?”

“தும்பியை. கையால.”

ஒரு பள்ளத் தண்ணீரைத் தாண்டிக் கால் வைத்தார். பிறகு, மறைக்க ஒன்றுமில்லை என்கிற மாதிரிச் சொன்னார்.

“ஓம், பிடிச்சனான். காத்து விடேல்லை, கப்பல் வெளிக்கிடுது, பில்மில கிடந்தது நாலு படம். வேறென்ன செய்யிறது? பால்மா ரின்னுக்குள்ள விட்டு ஐசில வைச்சா மயங்கிக் கிடக்கும், வெயில் பட்டா எழும்பிப் பறக்கும் எண்டு கப்பல்காரன் சொன்னவன். நுனித் தடியை முறிச்சு உள்ளுக்குக் கொண்டு போய், யன்னலடியில வைச்சுப் பிடிச்சனான். கூட நேரம் ஐசில வைச்சுப் போட்டன் போல. எழும்பேல்லை.”

“காலை?”

“ஊசியால ஒவ்வொண்டா எடுத்து வைச்சுப் பசை போட்டு ஒட்டினனான். எவ்வளவு பாடு தெரியுமே?” குரலில் பெருமைகூட இருந்தது.

“அது முன் ரெண்டு காலையும் வைக்கிறேல்லை. நான் எத்தினை தரம் சொன்னனான்.”

“அதை ஆர் எண்ணப் போகினம்?”

“நான் எண்ணினனான்.”

“சரி, ஒரு பூச்சிக்கு இவ்வளவு கதையோ?” என்றார்.

அந்தப் பூச்சியால்தான் எங்களுக்குள் கதையே வந்தது. நான் பழக்கிவிட்ட தும்பி. ஆள் கிட்ட வந்தால் பறக்காமல் இருக்க அதைப் பழக்கியது நான். அதனால்தான் அவர் கைக்கு அவ்வளவு சுலபமாக அகப்பட்டிருக்கும். அது போன பிறகு முதுகைத் தடவி ஆயுள் அவ்வளவுதான் என்று சொன்னாரே, அதை நினைக்க எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

படலையைத் திறந்து உள்ளே போனார். நான் படலையடியில் நின்றுவிட்டேன். அந்த இடத்தில் நின்றபோதுதான் ஐஸ் என்ற சொல் என் மண்டையில் ஏறியது. இவ்வளவு நேரமும் தும்பியைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஐசில் வைத்தேன் என்றாரே, எந்த ஐஸ்?

வீட்டுக்குள் போனேன். கதிரையில் இருந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அந்த வெள்ளிக்கிழமை கொண்டந்த ஐஸ், எனக்கெண்டு கொண்டந்ததோ, அதுக்கெண்டு கொண்டந்ததோ?”

சப்பாத்துக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். இது என்ன கேள்வி என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

“அதுக்குத்தான். மிச்சம் கிடந்தது. கரைஞ்சு போறதை வீணாக்குவானேன் எண்டு…”

மிச்சம். நான் அந்தப் படலையடியில் கண் கலங்கக் குடித்தது, பால்மா ரின்னுக்குள் என் தும்பி விறைத்துக் கிடக்கச் சுற்றி வைத்த ஐசில் மிச்சம். இத்தனை மாதமும் மனம் சோர்கிறபோதெல்லாம் அந்த ஒரு கிளாசைத்தான் நினைத்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமையில் எனக்கென்று ஐஸ் கொண்டு வந்த மனுசன் என்று. பொய்கூட அவர் சொல்லவில்லை. உமக்குத்தான் கொண்டு வந்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மச்சம் இல்லாத நாள் என்று கணக்குப் போட்டது நான்தான்.

குசினிக்குள் போனேன். சாப்பாடு போட்டு வைத்தேன். “நீர் சாப்பிடேல்லையோ?” என்று கேட்டார். பசிக்கேல்லை என்றேன். அவர் சாப்பிட்டார்.

விடிந்ததும் கிணற்றடிக்குப் போகவில்லை. வெள்ளித் தாள் சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது. நேரே வேலிக்குப் போனேன். அக்கா குழை வெட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் வழக்கம்போலத் தலையைக் குனிந்தார்.

“அக்கா” என்றேன். “உங்கட ஆடு அந்தத் தடியைக் கடிக்கேல்லை.”

கத்தியோடு நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். கண் வீங்கியிருந்தது தெரிந்திருக்கும்.

“அப்ப ஆர் ரீச்சர் முறிச்சது?”

வீட்டுக்குள் அவர் பேணியில் தண்ணீர் அள்ளி வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

“தும்பி பிடிச்ச ஆள்” என்றேன்.